70 மணி நேரமா, 48 மணி நேரமா? வேலைநேர விவாதத்தில் விடுபட்ட கேள்விகள்

புதுதில்லி: வாரத்துக்கு 70 மணி நேரம் இளைஞர்கள் உழைக்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நிறுவனர் நாராயண மூர்த்தி கூறினார். 90 மணி நேர வேலை குறித்த எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியனின் பேச்சு 2025 ஜனவரியில் வெளியானது. இரண்டு கருத்துகளும் நாடெங்கும் விவாதத்தைக் கிளப்பின. ஆனால், எத்தனை மணி நேரம் என்ற எண்ணைச் சுற்றியே அந்த விவாதம் நின்றுவிட்டது. அந்த எண் யாருக்குப் பொருந்தும், அதை மீறினால் யார் விலை கொடுப்பது என்ற கேள்விகள் பெரிதாக எழவில்லை.

நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பை சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1919-இல் தனது முதல் உடன்படிக்கையாகவே ஏற்றது. இந்தியா அதற்கு 1921-இல் ஒப்புதல் அளித்தது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த 4 தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 29 பழைய சட்டங்களுக்கு மாற்றாக அமைந்தபோதிலும், நாளொன்றுக்கு 8 மணி நேரம் என்ற அடிப்படையைக் கைவிடவில்லை. கூடுதல் நேரப் பணிக்கு இரு மடங்கு ஊதியம் என்ற விதியும் தொடர்கிறது. ஏட்டளவில் இது பல நாடுகளின் விதியைவிடத் தாராளமானது. அமெரிக்காவில் 1938-ஆம் ஆண்டுச் சட்டப்படி கூடுதல் நேரத்துக்கு ஒன்றரை மடங்கு ஊதியமே கிடைக்கும்.

சட்டம் யாரைத் தொடுகிறது?

பணிப் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் தொகுப்பு பொதுவாக 10 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள நிறுவனங்களுக்கே பொருந்தும். மேலாண்மை, நிர்வாகப் பொறுப்பில் இருப்போரும், மாதம் ரூ.18,000-க்கு மேல் ஊதியம் பெறும் மேற்பார்வையாளர்களும் 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் வருவதில்லை.

2023-24 காலமுறை தொழிலாளர் ஆய்வின்படி, நாட்டில் வேலையில் இருப்போரில் 58.4 சதவீதத்தினர் சுயதொழில் செய்பவர்கள், 19.8 சதவீதத்தினர் தற்காலிகக் கூலித் தொழிலாளர்கள். மாத ஊதியமோ முறையான கூலியோ பெறுவோர் 21.7 சதவீதம் மட்டுமே. தள்ளுவண்டி வியாபாரிக்கும் வீட்டிலிருந்து பீடி சுற்றும் பெண்ணுக்கும் 48 மணி நேர வரம்பு நடைமுறையில் எந்தப் பொருளையும் தருவதில்லை.

ஊதியமில்லா உழைப்பு இந்தக் கணக்கில் சேர்வதே இல்லை. 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடங்களையும், ஆண்கள் 88 நிமிடங்களையும் அதற்குச் செலவிடுகின்றனர். 70 மணி நேரம் அலுவலகத்தில் இருக்கும் ஒருவருக்காக வீட்டில் வேறொருவர் ஊதியமின்றி உழைக்கிறார் என்பதே இதன் பொருள்.

பிற நாடுகள் கற்ற பாடம்

தென் கொரியா 2018-இல் சட்டத்தைத் திருத்தி, வாராந்திர உச்சவரம்பை 68 மணி நேரத்திலிருந்து 52-ஆகக் குறைத்தது. தேவைப்படும் வாரங்களில் 69 மணி நேரம் வரை அனுமதிக்கலாம் என 2023-இல் முன்வைக்கப்பட்ட திட்டம், இளம் ஊழியர்களின் கடும் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. எனினும், 5 பேருக்கும் குறைவானோர் பணிபுரியும் நிறுவனங்களுக்கு 52 மணி நேர வரம்பு இல்லை. சிறு கடைகளின் ஊழியர்கள் அங்கும் சட்டத்துக்கு வெளியேதான் நிற்கின்றனர்.

அதிக உழைப்பால் நேரும் மரணத்தைக் குறிக்க 'கரோஷி' என்ற தனிச்சொல்லே ஜப்பானில் உண்டு. தொழிற்சங்கத்துடனோ ஊழியர் பிரதிநிதியுடனோ சிறப்பு ஒப்பந்தம் செய்துகொண்டால் கூடுதல் நேரத்துக்கு ஏறக்குறைய வரம்பே இல்லை என்ற நிலை அங்கு நெடுங்காலம் நீடித்தது. 2019-இல் நடைமுறைக்கு வந்த சீர்திருத்தம், சிறப்புச் சூழலிலும் ஆண்டுக்கு 720 மணி நேரம் என்ற உச்சவரம்பை விதித்ததுடன், மீறும் நிறுவனங்களுக்குத் தண்டனையையும் சேர்த்தது.

பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் நாடுகளில் மிகக் குறைந்த சராசரி வேலைநேரம் கொண்டவற்றுள் ஜெர்மனியும் ஒன்று. பகுதிநேர வேலையில் பலர் இருப்பது அதற்கு ஒரு காரணம் என்பதால், சராசரியை மட்டும் வைத்து முடிவுக்கு வர இயலாது. எனினும், 5 பேர் பணிபுரியும் நிறுவனத்தில்கூட ஊழியர் மன்றத்தைத் தேர்ந்தெடுக்கவும், கூடுதல் நேரப் பணி குறித்த முடிவில் அம்மன்றம் பங்கேற்கவும் அந்நாட்டுச் சட்டம் உரிமை அளிக்கிறது. 'முடியாது' என்று சொல்லும் வலிமை அங்கு தனிமனிதரின் துணிச்சலை மட்டுமே நம்பியிருக்கவில்லை.

மறுக்கும் உரிமை

அந்த வலிமைக்குத் தமிழகத்திலும் சான்று உண்டு. தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவகுக்கும் சட்டத்திருத்தம் 2023 ஏப்ரல் 21-இல் சட்டப்பேரவையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளும் எதிர்த்ததைத் தொடர்ந்து, மே தினத்தன்று அது திரும்பப் பெறப்படுவதாக முதல்வர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். அமைப்பாகத் திரண்ட தொழிலாளர்களால் பத்து நாள்களில் இயன்ற ஒன்று, தனித்தனியே நிற்கும் உணவு விநியோக ஊழியருக்கோ கட்டுமானக் கூலிக்கோ எளிதில் இயல்வதில்லை.

இது உடல்நலம் சார்ந்த கேள்வியும்கூட. வாரத்துக்கு 55 மணி நேரம் அல்லது அதற்கு மேல் உழைப்பதன் விளைவான பக்கவாதம், இதய நோயால் 2016-இல் மட்டும் உலகில் 7.45 லட்சம் பேர் உயிரிழந்ததாக உலக சுகாதார அமைப்பும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021-இல் மதிப்பிட்டன.

ஆகவே 70 மணி நேரமா, 48 மணி நேரமா என்பதற்கு முன் விடை காண வேண்டியவை மூன்று: வரம்பு எத்தனை பேரை உள்ளடக்குகிறது, கூடுதலாக வாங்கும் ஒரு மணி நேரத்துக்கு நிறுவனம் உண்மையிலேயே விலை கொடுக்கிறதா, வேலையை இழக்காமல் ஒரு தொழிலாளியால் மறுக்க முடிகிறதா என்பவை. புதிய தொகுப்புகளின் வெற்றியும் 8 மணி நேரம் என்ற வரியை வைத்து அல்ல, 10 பேருக்கும் குறைவானோர் பணிபுரியும் பட்டறையில் என்ன நடக்கிறது என்பதை வைத்தே அளக்கப்படும்.