ஒழுக்க ஷரத்து யாருக்குக் காவல்?

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என்னும் நம் கரையோர ஊர்களிலே குரல்வளமும் நடிப்பாற்றலும் வாய்ந்த இளைஞருக்குக் குறைவில்லை. இஸ்லாமிய கீதம் பாடுவோர் முதல் பொல்லடி ஆடுவோர் வரை எவரும் தலைநகர்க் கம்பனியின் ஒப்பந்தப் பத்திரத்தை ஒருநாள் காண நேரிடலாம். அப்போது தொகை எழுதிய பக்கத்தோடு கடைசிப் பக்கத்தையும் வாசித்தல் வேண்டும். கலைஞர் "அவப்பெயர் விளைக்கும்" எதனைச் செய்யினும் கம்பனி தன் விருப்பப்படி ஒப்பந்தத்தை முறிக்கலாம் என்னும் ஷரத்து அங்கேதான் இருக்கும்.

ஒழுக்கம் வேண்டாவென்று நாம் கூறவில்லை. சிறுவரைத் துன்புறுத்தியவன் என்று நிரூபிக்கப்பட்டவனைச் சிறுவர் நிகழ்ச்சியில் வைத்திருக்க எக்கம்பனியும் கடமைப்பட்டதன்று. ஆனால் அவப்பெயரைத் தீர்மானிப்பவர் யார்? எச்சான்றைக் கொண்டு?

இந்த ஷரத்தின் பிறப்பே ஒரு பாடம். 1921 செப்டெம்பரில் அமெரிக்க நகைச்சுவை நடிகர் ரொஸ்கோ ஆர்பக்கிள் ஒரு பெண்ணின் மரணம் தொடர்பாகக் கைதானார். உடனே யுனிவர்சல் நிறுவனம் தன் நடிகரின் ஒப்பந்தங்களில் ஒழுக்க ஷரத்தைப் புகுத்தியது. 1922 ஏப்பிரலில், மூன்றாவது விசாரணையில், ஆர்பக்கிள் குற்றமற்றவர் என விடுதலையானார். யூரிமார் அவரிடம் வருத்தமும் தெரிவித்தனர். நடிகர் தப்பினார், ஷரத்து தங்கிவிட்டது! 1947இல் காங்கிரஸ் குழுவின் அரசியற் கேள்விகளுக்கு விடை கூற மறுத்த திரைக்கதையாசிரியர் லெஸ்டர் கோலை எம்.ஜி.எம். நிறுவனம் இடைநிறுத்தியது இதே ஷரத்தைக் காட்டித்தான்.

நம்மவர் கதையும் உண்டு. 'ஹரிதாஸ்' வெளிவந்த 1944ஆம் ஆண்டிலேயே தியாகராஜ பாகவதர் இலட்சுமிகாந்தன் கொலை வழக்கிற் கைதானார். 'உதயணன் வாசவதத்தா'வில் அவருக்கிருந்த வேடம் ஜி. என். பாலசுப்பிரமணியத்திடம் சென்றது. 1947இல் பாகவதர் விடுதலையானார். பழைய புகழ் திரும்பவில்லை. நம் நாட்டிலே, 'நவரசம்' என்னும் தமிழ்க் கவிதை நூலுக்காக 2020 மே மாதத்தில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதான அஹ்னாப் ஜசீமை 2023 டிசம்பரிற் புத்தளம் மேல் நீதிமன்றம் விடுவித்தது. அவர் ஒப்பந்தம் செய்த பாடகராயிருந்தால் முதல் நாளே பத்திரம் கிழிந்திருக்கும்.

ஒழுக்கக்கேடு என்று பழி சுமத்துவோனிடம் இஸ்லாமியச் சட்டம் நான்கு சாட்சிகளைக் கேட்கின்றது. கம்பனிக்கோ ஒரு வதந்தி போதும். நம் ஊர்களில் அவ்வதந்தி முதலிற் சூழ்வது மேடையேறும் பெண்ணையே என்பதை எவரும் அறிவர். ஊர்வாயைக் காரணங்காட்டி, அறுவடைக்கு முதல்நாள் போடியார் முல்லைக்காரனை வயலிலிருந்து இறக்கி அவன் கூலி நெல்லையும் மறுத்தால் வட்டை விதானையார் வாளாவிருப்பாரா?

நல்லொழுக்கத்துக்கு முரணான ஒப்பந்தத்தை நம் உரோம-டச்சுச் சட்டம் ஏற்காது. எனினும் வாசியாமல் இட்ட கையொப்பமும் கையொப்பமே. ஆகவே ஷரத்தை எழுதும்போதே போராடல் வேண்டும். ஒப்பந்தம் முறிவதற்கு நீதிமன்றத்தின் குற்றத்தீர்ப்பு வேண்டும்; எக்குற்றங்கள் என்பதும் பெயர் சொல்லி எழுதப்படல் வேண்டும். கைது மட்டுமாயின் இடைநிறுத்தமே போதும்; விடுதலையானால் இடமும் நிலுவையும் திரும்புதல் வேண்டும். பாடி முடித்த பாட்டுக்குக் கூலி எந்நிலையிலும் தடைப்படலாகாது. மதம், அரசியல், உடை, திருமணம் ஆகியவை ஷரத்துக்கு அப்பாற்பட்டவை என எழுதுக. கம்பனி முதலாளியே அவப்பெயர் தேடிக்கொண்டால் கலைஞரும் விலகலாம் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிப் பாருங்கள்; "விருப்பப்படி" என்ற சொல் தானாகவே மறைந்துவிடும்!

இன்னொன்று. அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரைப்படி கல்முனை நீதிமன்றங்களின் மொழி தமிழ். பிணக்கு வந்தால் தமிழில் வாதிக்கப்போகும் பத்திரத்தை ஆங்கிலத்தில் மட்டும் நீட்டினால், தமிழ்ப் பிரதி வரும்வரை பேனாவைச் சட்டைப்பையிலேயே வைத்திருங்கள்.