விளக்கை அணைப்பது வேறு, பழுதை நீக்குவது வேறு

காலை ஏழு மணி. பட்டர்வொர்த் பக்கத்திலிருந்து பினாங்குப் பாலத்தில் ஏறிவிட்டீர்கள். முன்னும் பின்னும் வாகனங்கள், கீழே கடல். அந்த நேரம் பார்த்து டேஷ்போர்டில் மஞ்சள் நிறத்தில் ஒரு சிறிய என்ஜின் படம் எரிகிறது. கார் வழக்கம்போலத்தான் ஓடுகிறது. சத்தமும் இல்லை, புகையும் இல்லை. நீங்கள் என்ன செய்வீர்கள்?

இந்தக் கேள்வியைப் பாகான் டாலாமில் எனக்குத் தெரிந்த சிலரிடம் கேட்டுப் பார்த்தேன். "எனக்கு ரெண்டு வருஷமா எரியுது சார், வண்டி நல்லாத்தான் ஓடுது" என்றார் ஒருவர். "ஒர்க்‌ஷாப்புக்குப் போனா கம்ப்யூட்டரை மாட்டி அணைச்சுடுவாங்க" என்றார் இன்னொருவர். "ஏதாவது சென்சர் போயிருக்கும், மாத்திட்டா சரியாயிடும்" என்றார் மூன்றாமவர். மூவரும் விவரமானவர்கள்தாம். ஆனால், அந்த விளக்கு என்ன சொல்ல வந்து எரிந்தது என்று மூவரில் ஒருவரும் கேட்டதில்லை.

நான் கார் பழுதுபார்ப்பவன் அல்லன். இடைநிலைப்பள்ளியில் அறிவியல் கற்பிப்பவன். என் கருத்து இதுதான்: எச்சரிக்கை விளக்கு ஓர் அளவீட்டின் முடிவு. அதைப் படிக்கக் கற்றுக்கொள்ளாமல் அணைக்க மட்டும் கற்றுக்கொள்வது, காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு மருந்து தராமல் வெப்பமானியை ஒளித்து வைப்பதற்குச் சமம். இந்தப் பழக்கத்தை வாகனம் ஓட்டுவோரும் ஒர்க்‌ஷாப் நடத்துவோரும் சேர்ந்தே விட வேண்டும்.

முதலில் நிறத்தைப் பாருங்கள்

டேஷ்போர்டில் எரியும் படங்கள் கார் நிறுவனங்கள் தம் இஷ்டத்துக்கு வரைந்தவை அல்ல. ஐ.எஸ்.ஓ. 2575 என்ற அனைத்துலகத் தரம் அவற்றுக்கு உண்டு. சிவப்பு என்றால் ஆபத்து, உடனே கவனி. மஞ்சள் என்றால் ஏதோ சரியில்லை, விரைவில் சோதித்துப் பார். பச்சையும் நீலமும் வெறும் தகவல். படத்தின் பொருள் நினைவில் இல்லாவிட்டாலும் நிறம் உங்களுக்குப் பாதி விடையைச் சொல்லிவிடும்.

சிவப்பில் மூன்றை மட்டும் மறக்காதீர்கள்.

முதலாவது, எண்ணெய்க் குவளை போன்ற படம். 'மின்யாக் ஹித்தாம்' என்று நாம் சொல்லும் என்ஜின் எண்ணெய் குறைந்துவிட்டதை அது காட்டுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது காட்டுவது எண்ணெயின் அளவை அல்ல, அழுத்தத்தை. என்ஜினில் ஒரு சாதாரண அழுத்த சுவிட்ச் இருக்கிறது. எண்ணெய் அழுத்தம் ஏறக்குறைய 0.3 முதல் 0.5 பார் வரையிலான ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் மின்சுற்று மூடி விளக்கு எரியும். அது டயரில் நாம் அடைக்கும் காற்றின் அழுத்தத்தில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. அந்த நிலையில் உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய மெல்லிய எண்ணெய்ப் படலம் கலைந்துவிடும். சில நிமிடங்களில் என்ஜின் இறுகிப் போகலாம். அந்த விளக்கு எரிந்தால் 'அடுத்த எண்ணெய் நிலையம் வரை' என்ற கணக்குக்கே இடமில்லை. இடப்பக்கம் ஒதுங்கி, என்ஜினை நிறுத்தி, உதவிக்கு அழைக்க வேண்டும். வளைவிலோ பிரேக் போடும்போதோ அது ஒரு நொடி மினுக்கி மறைந்தாலும் அன்றைக்கே எண்ணெயைப் பாருங்கள். கலத்தில் எண்ணெய் குறைந்து, வண்டி சாயும்போது பம்பு காற்றை உறிஞ்சுகிறது என்பதன் முதல் அறிகுறியாக அது இருக்கலாம்.

இரண்டாவது, நீரில் நிற்கும் வெப்பமானி. இன்று நம் சாலைகளில் ஓடும் சிறிய கார்கள் பலவற்றில் வெப்பநிலையைக் காட்டும் முள் இல்லை. விளக்கு மட்டுமே உண்டு. சிவப்பு எரிந்தால் என்ஜின் கொதிக்கிறது என்று பொருள். ரேடியேட்டர் மூடியை உடனே திறக்காதீர்கள். மூடிய அமைப்பில் அழுத்தம் கூடுவதால், உள்ளே இருக்கும் நீர் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் விழும். நீர் ஆவியாகச் சீறி முகத்தில் அடிக்கும். படிவம் நான்கு மாணவனுக்கும் தெரிந்த இந்தப் பாடம் சாலையோரத்தில் நமக்கு மறந்துவிடுகிறது.

மூன்றாவது, பேட்டரி படம். பேட்டரியில் கோளாறு என்பதைவிட, பேட்டரிக்கு மின்னேற்றம் நடக்கவில்லை என்பதே அதன் பொருள். ஆல்டர்னேட்டர் மின்சாரம் தரவில்லை என்றால் கார் பேட்டரியின் சேமிப்பை மட்டும் தின்று ஓடுகிறது. ஏர்கோனை அணைத்துவிட்டு அருகிலுள்ள பாதுகாப்பான இடத்துக்குப் போய்ச் சேருங்கள். 2021 முதல் ஃபெர்ரியில் கார்களை ஏற்றுவதில்லை. தீவுக்குக் காரில் போக நமக்கு இரண்டு பாலங்கள்தாம். முதல் பாலம் 13.5 கிலோமீட்டர், இரண்டாவது 24 கிலோமீட்டர். பாலத்தில் ஏறும் முன்பே இந்த விளக்கைப் பார்த்துவிட்டால் ஏறாமல் இருப்பதே நல்லது.

மஞ்சள் விளக்கு யாருக்காகப் பிறந்தது?

இப்போது அந்த மஞ்சள் என்ஜின் படத்துக்கு வருவோம். 'வண்டி நல்லாத்தான் ஓடுது' என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை. இந்த விளக்கு முதலில் கார் உரிமையாளருக்காகப் பிறந்ததன்று, காற்றுக்காகப் பிறந்தது.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைக் கண்ணெரிச்சல் தரும் புகைமூட்டம் மூடிக் கிடந்த காலம் ஒன்று உண்டு. கார்களும் எண்ணெய் ஆலைகளும் வெளியிடும் வாயுக்கள் சூரிய ஒளியில் வினைபுரிந்தே அது உருவாகிறது என்பதை 1950களின் தொடக்கத்தில் ஹாகன் ஸ்மிட் என்ற வேதியியலர் விளக்கினார். பிறகு சட்டங்கள் வந்தன. புகையைச் சுத்தப்படுத்தும் வினையூக்கி மாற்றிகள் கார்களில் பொருத்தப்பட்டன. ஆனால், அந்தக் கருவி கெட்டுப்போனால் ஓட்டுநருக்குத் தெரியாதே? கார் ஓடிக்கொண்டுதானே இருக்கும்? அதனால் காரே தன்னைச் சோதித்துக்கொண்டு சொல்ல வேண்டும் என்று கலிபோர்னியா விதித்தது. அதன் இரண்டாம் தலைமுறையான ஓ.பி.டி. 2 முறை, 1996 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமானது. ஐரோப்பாவும் 2001இல் பெட்ரோல் கார்களுக்கு அதைப் போன்ற முறையைக் கொண்டுவந்தது. உங்கள் காரில் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 முனை இணைப்பு அந்த வரலாற்றின் மிச்சம்தான்.

ஆகவே, ஓட்டத்தில் வித்தியாசம் தெரியாமலே விளக்கு எரியலாம். துறைமுகத்துக்குப் போகும் லாரிகளுக்கு நடுவே பிள்ளைகள் பள்ளிக்கு நடந்து போகும் பாகான் டாலாம் போன்ற இடத்தில், காற்றுக்காக எரியும் விளக்கை 'ஒன்றும் ஆகவில்லை' என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்த விளக்கு நிலையாக எரியாமல் விட்டுவிட்டு மின்னினால் கதை வேறு. சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் தப்பி, வினையூக்கி மாற்றிக்குள் போய் எரிகிறது என்று பொருள். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய அந்தத் தேன்கூட்டு அமைப்பு அதிக வெப்பத்தில் உருகிவிடும். மின்னும் விளக்கைப் பார்த்தால் வேகத்தைக் குறைத்துக் கூடிய விரைவில் நிறுத்திவிடுங்கள்.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?

என் சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன். பழைய கார்தான். மஞ்சள் விளக்கு எரிந்தது. ஓர் ஒர்க்‌ஷாப்பில் கருவியை மாட்டி, 50 வெள்ளி வாங்கிக்கொண்டு, விளக்கை அணைத்தார்கள். மூன்றாம் நாள் மீண்டும் எரிந்தது. இன்னோர் ஒர்க்‌ஷாப்பில் "ஆக்ஸிஜன் சென்சர்" என்றார்கள். 480 வெள்ளிக்குப் புதிது மாற்றினேன். ஒரு வாரத்தில் மீண்டும் எரிந்தது.

மூன்றாவதாகப் பார்த்த வயதான மெக்கானிக்தான் குறியீட்டை என்னிடம் காட்டினார்: பி0171. முதல் எழுத்து என்ஜின், கியர் பகுதியைக் குறிக்கிறது. அடுத்த சுழியம், இது எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான குறியீடு என்கிறது. அதையடுத்த 1, எரிபொருளும் காற்றும் கலப்பதில் சிக்கல் என்கிறது. முழுப் பொருள், கலவையில் இருக்கும் பெட்ரோலுக்குத் தேவையானதைவிடக் காற்று கூடிவிட்டது என்பதாகும். "இதுல சென்சர் கெட்டுப்போச்சுன்னு எங்க எழுதியிருக்கு?" என்று கேட்டார்.

பெட்ரோல் முழுமையாக எரிய, ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். உள்ளே வரும் காற்றை ஓர் உணரி அளக்கிறது; கணினி அதற்கேற்பப் பெட்ரோலைத் தெளிக்கிறது; புகைக்குழாயில் உள்ள ஆக்ஸிஜன் உணரி முடிவைச் சரிபார்க்கிறது. என் காரில், காற்றளவு உணரியைத் தாண்டிய இடத்தில் ஒரு ரப்பர் குழாய் வெடித்திருந்தது. கணக்கில் வராத காற்று அந்த வழியே உள்ளே போனது. ஆக்ஸிஜன் உணரி உண்மையைத்தான் சொன்னது. உண்மை சொன்னவனைத்தான் நான் 480 வெள்ளி கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தேன். குழாயின் விலை 15 வெள்ளி.

அந்த மெக்கானிக் இன்னொன்றும் கேட்டார்: "பாலத்துல நல்லா ஓடுது, சிக்னல்ல நிக்கும்போது நடுங்குதா?" ஆம் என்றேன். நிற்கும்போது என்ஜினின் உறிஞ்சும் வெற்றிடம் அதிகம். ஓட்டை வழியே நுழையும் காற்றின் பங்கும் அதிகம். வேகமாக ஓடும்போது அதே கசிவு பெரிய காற்றோட்டத்தில் கரைந்துவிடும். நாம் வகுப்பில் கற்பிக்கும் அறிவியல் முறை இதுதான்: உற்றுநோக்கல், கருதுகோள், சோதனை. குறியீடு உற்றுநோக்கல் மட்டுமே. அதையே முடிவாக எடுத்துக்கொண்டால் பொருள் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

சாட்சியை அழிக்காதீர்கள்

பழுது பதிவான நேரத்தில் வேகம் என்ன, என்ஜின் சுழற்சி என்ன, வெப்பம் என்ன என்பதையும் கணினி குறித்து வைத்துக்கொள்கிறது. குறியீட்டை அழித்தால் அந்தப் பதிவும் சேர்ந்து அழிகிறது. பல பழுதுகளுக்கு, அடுத்தடுத்த இரண்டு பயணங்களில் உறுதியான பிறகே விளக்கு எரியும். அழித்ததும் சில நாள்கள் அமைதியாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அந்த அமைதியைத்தான் நாம் காசு கொடுத்து வாங்குகிறோம்.

ஒர்க்‌ஷாப்காரர்கள் மேல் மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். "சும்மா அணைச்சு விடுங்க, போதும்" என்று அவசரப்படுத்துபவர்கள் நாம்தான். பழுது நீக்கிய பிறகு அழித்துவிட்டு, திரும்ப வருகிறதா என்று பார்ப்பது சரியான முறையும்கூட. பார்க்காமல், எழுதாமல் அழிப்பதுதான் தவறு.

நம் நாட்டில் இது கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறது. லாரி, பேருந்து போன்ற வணிக வாகனங்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்குப் போகின்றன. தனியார் கார்களுக்கு அப்படிப்பட்ட ஆண்டுச் சோதனை இல்லை; பெயர் மாற்றும்போதுதான் பெரும்பாலும் புஸ்பகோம் வாசலை மிதிக்கின்றன. பிரிட்டனில் மூன்று ஆண்டுகளைத் தாண்டிய கார் ஆண்டுதோறும் சோதனைக்குப் போக வேண்டும். 2018 மே முதல் அங்கே இந்த மஞ்சள் விளக்கு எரிந்தாலே, மிகப் பழையவை தவிர மற்றக் கார்கள் தோல்விதான். இங்கே பத்தாண்டு ஓடும் காரைத் தினமும் சோதிப்பது அந்த விளக்கு ஒன்றுதான். அதன் வாயையும் அடைத்துவிட்டால் வேறு யார் சொல்வது?

நீங்கள் செய்யக்கூடியவை நான்கு. சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்பியதும் எல்லா விளக்குகளும் சில நொடி எரிகின்றனவா என்று பாருங்கள். பழைய கார் வாங்கும்போது கட்டாயம் பாருங்கள். என்ஜின் விளக்கு அப்போது எரியவே இல்லை என்றால் யாரோ அதைத் துண்டித்திருக்கலாம். விளக்கு எரிந்தால் அது எப்போது எரிந்தது, நின்றபோதா ஓடியபோதா, மழையிலா வெயிலிலா என்று குறித்து வையுங்கள். ஒர்க்‌ஷாப்பில், "அழிக்கும் முன் குறியீட்டை ரசீதில் எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். ஒரு பொருளை மாற்றச் சொன்னால், "அதுதான் கெட்டது என்று எப்படிச் சோதித்தீர்கள்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார், மகிழ்ந்து விளக்குவார்.

என் சக ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அழுத்தம், மின்சுற்று, எரிதல், வினையூக்கி ஆகிய நான்கு பாடங்களும் பள்ளி வளாகத்தில் நிற்கும் கார்களின் டேஷ்போர்டில் இருக்கின்றன. ஒரு நாள் மாணவர்களை அங்கே அழைத்துச் சென்று சாவியைத் திருப்பிக் காட்டுங்கள். இன்னும் சில ஆண்டுகளில் அவர்கள் உரிமம் எடுத்து அதே பாலத்தில் ஓட்டப் போகிறவர்கள். விளக்கு எரிந்ததும் "யார் அணைப்பார்?" என்று தேடாமல், "என்ன சொல்கிறது?" என்று கேட்க அவர்களாவது பழகட்டும்.