கக்கூஸ் வந்த பின் காமாலை ஏன்?

"ஆற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தோம், எங்களுக்கு என்ன காமாலை வந்தது? இப்போது குழாய்த் தண்ணீரும் பளிங்குக் கக்கூஸும் இருந்தும் இளவட்டங்கள் கண் மஞ்சளித்துப் படுக்கிறார்களே!" என்று பழைய பால்வெட்டுத் தோழர்கள் பேசக் கேட்கிறோம். இந்தப் பேச்சில் பாதி உண்மை உண்டு. அந்தப் பாதியைப் பிடித்துக்கொண்டு, கக்கூஸ் கேட்டுப் போராடியது தப்பு என்று யாரும் சொல்லக் கிளம்பிவிடக் கூடாது. அதற்காகவே இதை எழுதுகிறோம்.

இது ஹெப்படைட்டிஸ் ஏ என்னும் ஈரல் நோய். நோயாளியின் மலத்திலிருந்து கை, தண்ணீர், சோறு வழியாக அடுத்தவர் வாய்க்குப் போகும் கிருமி. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளையை இது தொற்றினால் பெரும்பாலும் வெளியே தெரியாது. இரண்டு நாள் சிணுங்கலோடு போய்விடும். வளர்ந்தவர்களைத் தொற்றினாலோ பத்தில் ஏழு பேருக்குக் காமாலை. வயது ஏற ஏற உயிராபத்தும் ஏறும். ஆனால் ஒருமுறை வந்து போனால் ஆயுளுக்கும் மறுபடி வராது.

பழைய லயத்தை நினைத்துப் பாருங்கள். ஆயாக் கொட்டகை, பொதுக் கிணறு, வாளிக் கக்கூஸ். அங்கே தவழ்ந்த பிள்ளை இந்தத் தற்காப்பைத் தன்னை அறியாமலே பெற்றது. சுகாதாரம் கெட்ட நாடுகளில் நூற்றுக்கு 90 பிள்ளைகளைப் பத்து வயதுக்குள் இக்கிருமி தொற்றிவிடுகிறது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஆனால் வாந்திபேதியையும் டைபாய்டையும் கொக்கிப் புழுவையும் கொடுத்ததும் அதே அழுக்குத்தான். கிடைத்த தற்காப்பைக் கணக்குச் சொல்கிறவர்கள், புதைத்த பிள்ளைகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை!

ஆபத்து சுத்தத்தில் இல்லை. பாதிக் கிணறு தாண்டுவதில் இருக்கிறது. சீனாவின் ஷாங்காய் நகரம் இதற்குச் சாட்சி. 1988ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் அங்கே ஏறத்தாழ 3 லட்சம் பேர் இந்நோயில் விழுந்தார்கள். காரணம், நம்மூர்க் கெராங்குக்கு உறவான ஒரு சிப்பி. சாக்கடை கலந்த கடலோரத்தில் வாரியதை வெந்நீரில் முக்கி, அரை வேக்காட்டில் தின்றார்கள். படுத்தவர்களில் பெரும்பாலோர் 20 முதல் 39 வயதுக்குட்பட்ட உழைப்பாளிகள். ஆஸ்பத்திரியில் இடமின்றிப் பள்ளிக்கூடங்களிலும் தொழிற்சாலைகளிலும் கட்டில் போட்டார்கள். மூத்தவர்கள் பெரும்பாலும் தப்பினார்கள். பழைய ஷாங்காயின் அழுக்கு அவர்களைச் சிறுவயதிலேயே தொட்டுவிட்டிருந்தது. நகரம் முன்னேறியது, வீட்டுக் குழாய் சுத்தமானது. கடலில் விழும் சாக்கடை மட்டும் அப்படியே இருந்தது.

நம் கதையும் வேறல்ல. தோட்டங்கள் பல செம்பனையாகிவிட்டன. நம் பிள்ளைகள் பலர் பட்டணத்துத் தாமான்களில் வளர்கிறார்கள். வீடு சுத்தம். ஆனால் கடைத்தெருவில் பரிமாறுகிற கை எப்படிப்பட்டதென்று யாருக்குத் தெரியும்? வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்த தோழர்களைச் சிலர் பழிக்கிறார்கள். இது வீண் பழி. அவர்களில் பலர் பிள்ளைப் பருவத்திலேயே இந்நோயைக் கடந்து வந்தவர்கள். எதிர்ப்பின்றி நிற்பது நம் பிள்ளைகள்தாம்.

அந்தப் பிள்ளை முப்பது வயதில் குடும்பம் தாங்கும்போது படுத்தால், கூலிக் கணக்கு என்ன ஆகும்? காமாலைக்காரர் எழுந்து நடமாடப் பல வாரங்கள் ஆகும். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இரண்டு வருஷத்துக்குக் குறைவான சேவை உள்ளவருக்கு ஆண்டுக்குச் சம்பளத்துடன் நோய் விடுப்பு 14 நாள்தான். ஆஸ்பத்திரியில் படுத்தால் 60 நாள் உண்டு. கிராணிமார்கள் இந்தக் கணக்கைத் தோழர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

தடுக்க மருந்து இல்லாமலில்லை. தடுப்பூசி 1990களிலேயே வந்துவிட்டது. இஸ்ரேல் 1999இல் எல்லாக் குழந்தைகளுக்கும் போடத் தொடங்கியது. அர்ஜெண்டினா 2005 முதல் ஒரு வயதுக் குழந்தைக்கு ஒரே ஊசி போட்டு, இந்நோயால் ஈரல் செயலிழந்து துடிக்கும் பிள்ளைகள் வார்டுக்கு வருவதையே நிறுத்திக் காட்டியது. மலேசியாவில் 1989 முதல் குழந்தைகளுக்கு ஹெப்படைட்டிஸ் பி ஊசி இலவசம். ஏ ஊசியோ காசுள்ளவர் தனியார் கிளினிக்கில் போட்டுக்கொள்வது. உணவுக் கடையில் வேலை செய்கிறவருக்கு டைபாய்டு ஊசி கட்டாயம் என்று சட்டம் வைத்த சர்க்கார், அதே கைவழி பரவும் இந்நோயை ஏன் விட்டுவைத்தது?

கக்கூஸ் கேட்டு வாங்கிய சங்கம் இதையும் கேட்க வேண்டும்: குழந்தைகளுக்கும் உணவுக் கடைத் தொழிலாளருக்கும் இலவச ஊசி, கோங்சி வீடுகளுக்குச் சோப்பும் சுத்தத் தண்ணீரும். அடுத்த கிளைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரும்படி தோழர்களைக் கேட்டுக்கொள்கிறோம். அதுவரை கெராங்கை நன்றாக வேகவைத்துத் தின்னுங்கள்.