கூட்டியது சத்தத்தை மட்டும்தான்

மலேசியாவின் ரவாங்கில் காலைக் கொம்யூட்டர் ரயிலுக்குக் காத்திருக்கும் இளைஞர்களிடம் ஹெட்போன் பற்றிப் பேசிப் பாருங்கள். "ஆம்ப் போட்டாத்தாண்ணே பாட்டு திறக்கும்" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். கைப்பேசியோடு ஆம்ப் என்ற ஒலிபெருக்கும் சிறு பெட்டியை இணைத்துவிட்டால், இளையராஜா பாட்டில் இதுவரை கேட்காத வயலின் கேட்குமாம். பேஸ் கித்தார் தனியாகப் பிரிந்து நிற்குமாம். கடைக்காரர் சொல்கிறார், நண்பர் வழிமொழிகிறார், வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகாத பையன் சம்பளத்தில் சில நூறு ரிங்கிட்டை எடுத்துக் கொடுக்கிறான். இந்த நம்பிக்கை தவறு. அன்றாடம் பாட்டுக் கேட்கும் பெரும்பாலோருக்கு அந்தப் பெட்டி கூட்டித் தருவது சத்தத்தை மட்டுமே.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஹெட்போனுக்கு எவ்வளவு மின்சக்தி வேண்டும் என்பதை இரண்டு எண்கள் சொல்லிவிடும்: எத்தனை ஓம், ஒரு மில்லிவாட்டுக்கு எத்தனை டெசிபல். சாதாரண இயர்போன் ஒன்று 32 ஓம், 105 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். 85 டெசிபல் என்பதே பலத்த சத்தம். அதற்கு இந்த இயர்போன் எடுத்துக்கொள்வது ஒரு மில்லிவாட்டில் நூற்றில் ஒரு பங்கு. திடீரென்று எழும் தவில் அடிக்கு இன்னும் 20 டெசிபல் இடம் விட்டாலும், ஒரே ஒரு மில்லிவாட். வோல்ட் கணக்கில் 0.18. கைப்பேசியில் சொருகும் சின்ன டாங்கிளே அரை வோல்ட் முதல் ஒரு வோல்ட் வரை கொடுத்துவிடுகிறது. அப்படியிருக்க, பெட்டியின் மேல் 500 மில்லிவாட் என்று பெரிதாக அச்சடித்திருப்பது யாருக்காக? அதை முழுதாக இந்த இயர்போனில் செலுத்தினால் 132 டெசிபல் வரும். காது வலிக்கத் தொடங்கும் எல்லையையும் தாண்டிய சத்தம் அது.

மலாயாவில் மின்சாரத்தின் கதையே ரவாங்கில்தான் தொடங்கியது. 1894இல் லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் தங்கள் ஈயச் சுரங்க வேலைக்காக இங்கே மின்னாக்கி ஒன்றை நிறுவினார்கள். முதலில் வேலை இருந்தது, அதற்குப் பிறகுதான் மின்சாரம் வந்தது. ஆம்ப் வாங்குகிறவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறார்கள்: முதலில் சக்தியை வாங்குகிறார்கள், பிறகு அதற்கு வேலை தேடுகிறார்கள்.

"ஆனால் நான் என் காதால் கேட்டேனே, வித்தியாசம் தெரிந்ததே" என்பார்கள். தெரிந்திருக்கும், அதை நான் மறுக்கவில்லை. 1933இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சரும் மன்சனும் மனிதக் காதின் ஒரு குணத்தை அளந்து காட்டினார்கள். சத்தம் குறைவாக இருக்கும்போது தாழ்ந்த சுரங்கள் நம் காதுக்குச் சரியாக எட்டுவதில்லை. சத்தம் ஏற ஏற அவை எழுந்து வருகின்றன. ஒன்றிரண்டு டெசிபல் கூடினால், சத்தம் கூடிவிட்டது என்று நமக்குப் பெரும்பாலும் தோன்றாது. பாட்டு நிறைந்துவிட்டது, தெளிந்துவிட்டது என்றே தோன்றும். கடையில் நடப்பது இதுதான். முதலில் நேராகக் கைப்பேசியில் ஒரு பாட்டு, பிறகு ஆம்ப் வழியாக அதே பாட்டு. இரண்டும் ஒரே அளவு சத்தத்தில் இருக்கின்றனவா என்று யாரும் அளந்து பார்ப்பதில்லை. மல்ட்டிமீட்டரை வைத்து இரண்டு பக்கத்து மின்னழுத்தத்தையும் நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் வேறுபடாதபடி சமன் செய்துவிட்டு, எது ஓடுகிறது என்று தெரியாமல் பத்துப் பதினைந்து முறை கேட்டுச் சொல்லட்டும். அந்தச் சோதனையில் தாக்குப்பிடிக்கும் வித்தியாசத்துக்கு நான் தலைவணங்குகிறேன்.

32 பிட், 384 கிலோஹெர்ட்ஸ் என்று உயர்தர ஒலியைப் பறைசாற்றும் ஒட்டுவில்லைகளுக்கும் இதே பதில்தான். 2007இல் மேயரும் மோரனும் அமெரிக்காவின் ஒலிப் பொறியியல் சங்க இதழில் தங்கள் சோதனை முடிவை வெளியிட்டார்கள். உயர்தர வட்டு ஒரு பக்கம், அதே ஒலியை சாதாரண சிடி தரத்துக்கு இறக்கியது மறுபக்கம். 554 முறை கேட்டதில் சரியாகக் கண்டுபிடித்தது 276 முறை. காதைப் பொத்திக்கொண்டு ஊகித்திருந்தாலும் ஏறக்குறைய அதே பாதிதான் வந்திருக்கும்.

ஆம்ப் தேவைப்படும் ஹெட்போன்களும் உண்டு. 1997இல் வந்த சென்ஹைசர் எச்டி 600 போன்ற 300 ஓம் ஹெட்போனுக்குக் கைப்பேசியின் மின்னழுத்தம் பல நேரங்களில் போதாது. அதை வைத்திருப்பவர் தாராளமாக ஆம்ப் வாங்கலாம். ஆனால் அந்த ஹெட்போன் வீட்டில் அமைதியான அறையில் உட்கார்ந்து கேட்பதற்கானது. ஓடு திறந்த ஹெட்போன்; ரயில் சத்தம் அப்படியே உள்ளே வரும், நம் பாட்டும் பக்கத்து இருக்கைக்குப் போகும்.

வாங்கத்தான் வேண்டும் என்றால் வாட்டைப் பார்க்காதீர்கள். உணர்திறன் மிகுந்த இயர்போனைச் சொருகிப் பாட்டை நிறுத்துங்கள். "உஸ்" என்ற இரைச்சல் கேட்டால் வைத்துவிடுங்கள். வால்யூமை மிகக் குறைத்து, இடமும் வலமும் ஒரே அளவில் ஒலிக்கின்றனவா என்று கவனியுங்கள். ஆம்பின் வெளியீட்டு மின்மறுப்பு இரண்டு ஓமுக்குள் இருக்கட்டும். பத்து ஓம் உள்ள பெரிய பெட்டி, பல டிரைவர் கொண்ட இயர்போனின் குரலையே மாற்றிவிடும். அந்த இடத்தில் சின்ன டாங்கிள்தான் நேர்மையானது. விலைக்கும் இந்தத் தரத்துக்கும் தொடர்பில்லை. 2011இல் பெயரை வெளியிடாத ஒரு பொறியாளர் 'ஆப்ஜெக்டிவ் 2' என்ற ஆம்பின் சுற்று வரைபடத்தை இலவசமாக உலகுக்குக் கொடுத்தார். இரண்டு 9 வோல்ட் பேட்டரி, சுமார் முப்பது டாலருக்கு உதிரிப் பாகங்கள். அதன் அளவீடுகள் பல மடங்கு விலையுள்ள பெட்டிகளோடு போட்டியிட்டன. அந்த மனிதர் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

புளூடூத் இயர்பட் போடுகிறவருக்கு இந்தப் பேச்சே தேவையில்லை. அதன் ஆம்ப் அதற்குள்ளேயே இருக்கிறது.

அப்படியானால் அந்த வயலின் எங்கே போனது? பாதி நேரம் ரயிலின் இரைச்சலில் மூழ்கிப் போனது. காதில் சரியாகப் பொருந்தாத ரப்பர் முனை, பேஸை வெளியே கசியவிடுகிறது. சில ரிங்கிட்டுக்கு வேறு அளவு முனை வாங்கிப் போட்டால் கேட்கும் மாற்றத்தை எந்த ஆம்பும் தராது. பாட்டுச் செயலியில் ஒலித்தரம் 'தானியங்கி'யில் கிடக்கிறது. அதை உயர்த்தக் காசு வேண்டியதில்லை. பழைய கேசட்டிலிருந்து ஏற்றிய பாட்டு என்றால், கேசட்டில் இல்லாத வயலினை யார் கொண்டுவர முடியும்? மிச்சப் பணத்தை நல்ல இயர்போனில் போடுங்கள், அதையும் விலையை நம்பி வாங்காதீர்கள். 2017இல் பிரீபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களை அளந்து, விலைக்கும் அலைவெண் சமநிலைக்கும் தொடர்பில்லை என்று கண்டார்.

எனக்குக் கோபம் வருவது பணத்துக்காக மட்டுமல்ல. சுற்றிலும் இரைச்சல், கையில் அளவுக்கு மீறிய சக்தி. விரல் வால்யூமை ஏற்றத்தான் செய்யும். பெரியவர்கள் வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம் கேட்கலாம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். 90 டெசிபலுக்கு ஏற்றினால் அது 4 மணி நேரமாகச் சுருங்கிவிடுகிறது. ரவாங்கிலிருந்து கே.எல். சென்ட்ரலுக்குப் போக ஒரு மணி, வர ஒரு மணி என்று வைத்துக்கொண்டால், திங்களன்று தொடங்கியவருக்கு அந்த வாரத்தின் பங்கு செவ்வாய் மாலை வீடு திரும்பும்போதே தீர்ந்துவிடுகிறது.