ஓம் பார்த்து வாங்காதீர்கள்

மாசி பிறந்தால் திண்டுக்கல்லில் கோட்டை மாரியம்மன் திருவிழா. திருவிழா என்றால் இன்னிசைக் கச்சேரி. கச்சேரி என்றால் ஒலிபெருக்கி பற்றிய புகார். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. அதை மதிக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இந்த வாரம் என்னை உறுத்துவது வேறு. சத்தத்தைக் குறைத்த பிறகும் கிடாரின் சுரம் தனித்துக் கேட்காமல் ஒரே இரைச்சலாக வந்தால் யாருக்கு என்ன பயன்? அதற்கு மிக்ஸர்காரரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. பல சமயம் அந்தக் கோளாறு, கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கக் கிடாரில் மாட்டியிருக்கும் பிக்கப்பிலேயே தொடங்கிவிடுகிறது. டெசிபல் சண்டையை இங்கேயே நிறுத்திவிட்டுப் பிக்கப்பைப் பற்றிப் பேசுகிறேன். யாரும் பேசாத விஷயம் அதுதான்.

பூட்டுக்கு எத்தனை லீவர் என்று மட்டும் கேட்டு வாங்குபவர்கள் மேல் எனக்குப் பழைய கோபம் உண்டு. ஒற்றை எண்ணை நம்பிப் பொருள் வாங்குவது எனக்கு ஆகாது. ஹை அவுட்புட் ஹம்பக்கர், அதாவது பலமான சிக்னல் தரும் இரட்டைக் காயில் பிக்கப், விஷயத்தில் அந்த எண் காயிலின் மின்தடையைச் சொல்லும் கிலோ ஓம். 'எத்தனை கே?' என்பதுதான் முதல் கேள்வி. 8 கே சாதாரணம், 16 கே பலசாலி என்பது கணக்கு. மோட்டார் காயில் கட்டுபவர் மீட்டரில் ஓம் பார்ப்பது கம்பி அறுந்திருக்கிறதா, ஷார்ட் ஆகியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான். மோட்டாரின் இழுவையை அதை வைத்து அவர் சொல்வதில்லை. பிக்கப்பும் காந்தத்தின் மேல் செம்புக் கம்பி சுற்றிய காயில்தான். 42-ஆம் கேஜ் கம்பிக்குப் பதில் இன்னும் மெல்லிய 43-ஆம் கேஜில் அதே எண்ணிக்கை சுற்றுகளைப் போட்டால், ஓம் கால் பங்குக்கு மேல் கூடிவிடும், சிக்னல் கூடாது. வெயிலுக்கும் இதில் பங்கு உண்டு. செம்பின் மின்தடை ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.4 சதவீதம் ஏறும். ஏசி அறையில் 22 டிகிரியில் 16 கே காட்டும் பிக்கப், நம் ஊர்ச் சித்திரை வெயிலில் 38 டிகிரியில் 17 கே காட்டும். அதனால் அதன் பலம் கூடிவிட்டதா? பாட்டரியில் இயங்கும் ஈஎம்ஜி 81 போன்ற பிக்கப்புகளில் காயிலோடு ஒரு சிறு ஆம்பும் உள்ளே இருப்பதால், அங்கே ஓம் கணக்குக்கு அர்த்தமே இல்லை. பாட்டரி இல்லாதவற்றிலும் பாருங்கள்: சீமோர் டங்கன் நிறுவனத்தின் ஜேபி பிக்கப் 16 கே-க்கு மேல். டிமார்சியோ நிறுவனத்தின் சூப்பர் டிஸ்டார்ஷன் 14 கே-க்கும் கீழே. ஆனாலும் சூப்பர் டிஸ்டார்ஷனை யாரும் பலவீனமானது என்று சொன்னதில்லை. அதன் பலத்தில் செராமிக் காந்தத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

அதிக அவுட்புட் எதற்காக வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் 1955-இல் ஹம்பக்கருக்குக் காப்புரிமை கோரியது இரைச்சலை ஒழிக்க. சத்தத்தைக் கூட்ட அல்ல. சூப்பர் டிஸ்டார்ஷன் 1972-இல் வந்தபோது, டிஸ்டார்ஷன் பெரும்பாலும் ஆம்பின் வால்வைத் திணறடித்தே கிடைத்தது. அதற்குப் பலமான பிக்கப் தேவைப்பட்டது, நியாயம். இன்று நம் மேடைகளில் பெரும்பாலும் கிடாரின் சிக்னல் பிராசஸருக்குள் போய், அங்கிருந்து மிக்ஸருக்குப் போகிறது. எவ்வளவு டிஸ்டார்ஷன் வேண்டுமோ அதைப் பிராசஸரே தரும். தேவைக்கு மேல் பலமான சிக்னலை அதற்குள் தள்ளினால், அது முதல் வாசலிலேயே சிதைகிறது.

கூடுதல் சுற்றுகளுக்கு நாம் கொடுக்கும் விலை பெரிது. சுற்று கூடினால், உயர் அதிர்வெண்களை மங்கவைக்கும் இண்டக்டன்ஸ் என்ற தன்மையும் கூடும். பழைய பாணி ஹம்பக்கரில் அது நாலரை ஹென்றி அளவு. பலமானவற்றில் எட்டு ஹென்றியைத் தொடும். ஆறு மீட்டர் கேபிளையும் சேர்த்துக் கணக்கிட்டால், முன்னது ஏறக்குறைய 2,800 ஹெர்ட்ஸ் வரை சுரத்தைத் தெளிவாகக் கொண்டுபோகும். பின்னது 2,100-க்கு மேல் மங்கத் தொடங்கும். மீட்டலின் கூர்மை குடியிருக்கும் இடம் அந்த இடைவெளிதான். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் கர்நாடக இசைக்கு மின் மாண்டலினைத் தேர்ந்தது கமகத்தின் நெளிவு நீடித்துக் கேட்க வேண்டும் என்பதற்காக. மின்சாரத்தால் நமக்குக் கிடைத்த பெரிய வரம் அந்த நுணுக்கம். அதைக் காயிலிலேயே இழந்துவிட்டால், பிறகு எந்தக் குமிழைத் திருகினாலும் முழுதாகத் திரும்பாது. சத்தத்தையோ ஆம்பில் எப்போதும் கூட்டிக்கொள்ளலாம்.

இதற்கு இரண்டு மறுப்புகள் உண்டு. சீரியல் செட்டும் ஜெனரேட்டரும் சூழ்ந்த மேடையில் பலமான பிக்கப்தான் இரைச்சலை வெல்லும் என்பது ஒன்று. சிக்னல் பெரிதானால் பின்னால் வரும் கருவிகளின் சலசலப்பு ஓரளவு அமுங்கும் என்பது உண்மை. ஆனால் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரத்தை அழிப்பது எதிரெதிராகச் சுற்றி, எதிரெதிர்க் காந்தமுனை வைத்த இரண்டு காயில்களின் பொருத்தம். அடக்கமான ஹம்பக்கரும் அதைச் செய்யும். மெட்டல் வாசிப்பவருக்கு அந்த அழுத்தமும் இறுக்கமும் வேண்டாமா என்பது இன்னொன்று. வேண்டும். பிரிட்ஜ் பக்கம் செராமிக் ஹம்பக்கர் வைத்து வாசிப்பதற்கென்றே ஒரு குரல் இருக்கிறது. அதைக் காதால் கேட்டுத் தேர்ந்தவர்களோடு எனக்கு வழக்கில்லை. மெல்லிசை மேடையில் மெலடி வாசிக்கும் ஒருவர் எண்ணைப் பார்த்து அதை வாங்குவதுதான் தவறு.

ஆகவே, ஒப்பிடும்போது இரண்டு பிக்கப்பையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்துவிட்டுக் கேளுங்கள். சத்தம் கூடியதுதான் காதுக்கு எப்போதும் நல்லதாகத் தோன்றும். டிஸ்டார்ஷன் இல்லாமல் முழு கார்டு மீட்டி ஒவ்வொரு கம்பியும் பிரிந்து கேட்கிறதா பாருங்கள். மெதுவாகவும் ஓங்கியும் வாசித்து, அந்த வித்தியாசம் வெளியே வருகிறதா என்று பாருங்கள். விற்பவரிடம் ஓமோடு இண்டக்டன்ஸும் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், இப்போது இருக்கும் பிக்கப்பின் இரண்டு பக்கத் திருகுகளையும் தளர்த்தி, அதைக் கம்பியிலிருந்து கொஞ்சம் இறக்கி வைத்து ஒரு வாரம் வாசியுங்கள். காசு செலவில்லாத அந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகும் குறை தெரிந்தால் மட்டும் புதியது வாங்குங்கள்.