குறியும் நெறியும்

கடலூர் மாவட்டத்தின் தென்கோடியில், தில்லை என்று ஆன்றோர் போற்றிய சிதம்பரத்திற்குத் தெற்கே, கொள்ளிடம் கடலை நோக்கிச் செல்கின்றது. காவிரியில் பெருகும் வெள்ளத்தைக் கொள்ளும் இடமாதலின் அதற்குக் கொள்ளிடம் என்னும் பெயர் அமைந்தது என்பர். 1836ஆம் ஆண்டில் ஆர்தர் காட்டன் என்னும் பொறியியல் அறிஞர் அவ்வாற்றின் குறுக்கே கீழணையைக் கட்டுவித்தார். அங்கிருந்து வடவாறு வீராணம் ஏரிக்கு நீர் கொண்டு செல்கின்றது. வடக்கு ராஜன் வாய்க்கால் முதலியவை வயல்களுக்கு நீர் கொண்டு செல்கின்றன. நீர் செல்லும் வழியெல்லாம் நெல் விளைகின்றது. அந்நீர் செல்லும் வழியெல்லாம் முதலையும் செல்கின்றது.

பழைய கொள்ளிடம் எனப்படும் நீர்வழி முதலைகளுக்கு நெடுநாளைய உறைவிடம். கரையில் வளை தோண்டி அதனுள் கிடப்பதும், மணலில் குழி பறித்து முட்டையிடுவதும், நீர் வற்றினால் நிலத்தின்மீது நடந்து வேறு நீர்நிலை தேடுவதும் அதன் இயல்பு. மழைக்காலத்தில் ஆறு கரைபுரண்டு ஓடும்போது அது வாய்க்கால்களிலும் ஊர்க்குளங்களிலும் புகுந்துவிடுகின்றது. வேளக்குடி, பழையநல்லூர், நந்திமங்கலம், வல்லம்படுகை முதலிய ஊர்களின் மக்கள் இவ்விடரை நன்கு அறிவர். குளிக்க இறங்கியோரும், ஆடு மாடுகளை நீர்காட்டச் சென்றோரும் முதலையின் வாய்ப்பட்டு உடல் ஊறுபட்டதுண்டு, உயிர் துறந்ததுமுண்டு.

ஊருக்குள் முதலை புகுந்தது என்னும் செய்தி கேட்டதும் வனத்துறையினர் விரைந்து வருகின்றனர். அவர் வருமுன்னரே ஊரார் துணிந்து கயிற்றால் கட்டி வைப்பதும் உண்டு. பிடிபட்ட முதலையைக் கொண்டு சென்று சிதம்பரத்திற்கு அருகிலுள்ள வக்காரமாரி நீர்நிலையில் விடுவது பல ஆண்டுகளாக நிகழ்ந்து வருவதாகும். கொல்லாது பிடித்தலும், பிடித்ததை நீரில் சேர்த்தலும் பாராட்டத்தக்க செயல்கள். ஆயினும், பிடித்தலும் விடுதலும் மட்டுமே போதுமா என்பதே ஈண்டு நாம் ஆராய வேண்டுவது.

பழந்தமிழர் முதலையைக் கண்டு அஞ்சியதோடு நின்றாரல்லர். அதனை உற்று நோக்கியும் அறிந்தனர். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய குறிஞ்சிப்பாட்டில் கபிலர் முதலை, இடங்கர், கராம் என மூன்று பெயர்களை வேறுவேறாக வைத்துக் கூறுகின்றார். திருவள்ளுவரோ, நீருள் இருக்கும் முதலைக்கு உள்ள வலிமை நீரை விட்டு நீங்கிய முதலைக்கு இல்லை என்னும் கருத்தை, இடனறிதல் என்னும் அதிகாரத்தில் அமைத்தார். ஓர் உயிரின் வலிமையும் மெலிவும் அது நிற்கும் இடத்தைப் பொறுத்தவை என்பது இதனால் விளங்கும். முதலையின் இடத்தை அறியாதவன் அதனிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ளவும் மாட்டான். அதனைக் காக்கவும் மாட்டான்.

இக்கால அறிவியலாரும் இந்தியாவில் வாழும் முதலையினம் மூன்று எனக் கூறுவர். அவை நன்னீரில் வாழும் சதுப்புநில முதலை, கழிமுகங்களில் வாழும் உவர்நீர் முதலை, நீண்டு ஒடுங்கிய வாயினை உடைய கரியால் என்பன. கொள்ளிடக்கரையில் காணப்படுவது சதுப்புநில முதலை. தோலுக்காக வேட்டையாடப்பெற்று இவ்வினங்கள் அருகி வந்தமையால், 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அவற்றுக்குக் காப்பளித்தது. 1975ஆம் ஆண்டில் முதலைப் பாதுகாப்புத் திட்டமும் தொடங்கப்பெற்றது. ஆகவே, முதலையைக் கொல்லுதல் சட்டத்திற்கும் பொருந்தாது, அறத்திற்கும் பொருந்தாது.

இனி நம் வினாவுக்கு வருவோம். ஓர் ஊரின் குளத்தில் மூன்று ஆண்டுகளில் நான்கு முறை முதலை பிடிபட்டது எனக் கொள்வோம். அவை நான்கு முதலைகளா? அன்றி, விட்ட இடத்திலிருந்து மீண்டும் மீண்டும் வந்த ஒரே முதலையா? நான்கு எனின், அவ்வூரின் அருகே முதலைகள் பெருகியுள்ளன என்பது பொருள். கரையைக் காக்கவும் குளத்திற்கு வேலியிடவும் வேண்டும். ஒன்றே எனின், விட்ட இடம் அதற்கு ஏற்றதாக இல்லை என்பது பொருள்; வேறிடம் தேட வேண்டும். நோய் ஒன்றாயின் மருந்தும் ஒன்று. நோய் வேறாயின் மருந்தும் வேறு. முதலையின் உடலில் ஒரு குறி இருந்தாலன்றி இவ்விரண்டனுள் எது உண்மை என்று எவரும் துணிந்து கூற இயலாது. கண்ணுக்கு ஒரு முதலையும் மற்றொரு முதலையும் ஒன்றுபோலவே தோன்றும்.

முதலை தன் இடம் தேடி மீளும் இயல்புடையது என்பது வெறுங்கற்பனை அன்று. ஆஸ்திரேலியாவின் வடபகுதியில் உவர்நீர் முதலைகளைப் பிடித்து, செயற்கைக்கோள் வழியே இடம் உணர்த்தும் கருவியைப் பொருத்தி, தொலைவிடங்களில் விட்டுப் பார்த்தனர். அவ்வாய்வு 2007ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஒரு முதலையை ஒரு தீபகற்பத்தின் மேற்குக்கரையிலிருந்து கிழக்குக்கரைக்கு வானூர்தியில் கொண்டு சென்று விட்டனர். அது சில திங்கள் அங்குத் தங்கியிருந்து, பின்னர் நிலமுனையைச் சுற்றி 400 கிலோமீட்டருக்கு மேல் கடலில் நீந்தி, 20 நாள்களில் தன் பழைய இடத்தை அடைந்தது. அக்கருவி இல்லையாயின், மீண்டு வந்ததைப் புதிதாய் வந்த முதலை என்றே கருதியிருப்பர்.

நம் நாட்டிலும் ஒரு சான்று உண்டு. கேரளத்தின் சின்னக்கானலில் 2023ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் பிடிக்கப்பெற்ற அரிக்கொம்பன் என்னும் காட்டுயானைக்குக் கழுத்தில் வானொலிப் பட்டை அணிவித்துப் பெரியாறு காட்டில் விட்டனர். அது மே திங்கள் இறுதியில் தேனி மாவட்டத்துக் கம்பம் நகருக்குள் வந்தது. பட்டையின் துணையால் அதன் நடமாட்டத்தை அறிந்து வந்த தமிழக வனத்துறையினர், ஜூன் திங்கள் 5ஆம் நாள் அதனைப் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக் காட்டிற்குக் கொண்டு சென்றனர். விட்ட இடத்தில் விலங்கு தங்கிவிடும் என்று நாம் எண்ணுவது வேறு. விலங்கு எண்ணுவது வேறு.

குறியிடும் முறைகள் பல. முதலையின் வாலின்மேல் வரிசையாய் எழுந்து நிற்கும் செதில்களுள் சிலவற்றை எண்முறைப்படி நறுக்கிவிடுதல் ஒன்று. இது செலவற்றது, நீண்டநாள் அழியாதது. 'மைக்ரோசிப்' எனப்படும் நுண்சில்லைத் தோலின்கீழ் ஊசியால் செலுத்துதல் மற்றொன்று. அது ஓர் அரிசி மணியளவே உள்ள கண்ணாடிக் குப்பி. அதனுள் மின்கலம் இல்லை. படிப்பான் என்னும் கருவியை அருகே கொண்டுசென்றால், அக்கருவியின் வானொலி அலையால் உயிர்பெற்றுத் தன் எண்ணை மட்டும் கூறும். விலங்கு எங்கே இருக்கின்றது என்பதை அது தொலைவிலிருந்து அறிவிக்க மாட்டாது. பலர் இதனைப் பிறழ உணர்ந்துள்ளனர். இருப்பிடத்தை அறிவிப்பது வானொலிக் கருவியும் செயற்கைக்கோள் கருவியுமே. அவை மின்கலத்தால் இயங்குவன. விலையும் பன்மடங்கு மிக்கன. யார் என்று அறியச் சில்லு. எங்கே என்று அறியக் கருவி. இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.

குறியிட்டு விடுத்தலால் விளையும் பயனுக்கு நரியினத்தின் வரலாறு ஒன்று நல்ல எடுத்துக்காட்டு. அமெரிக்காவின் கலிபோர்னியக் கரைக்கு அப்பால் உள்ள தீவுகளில் பூனையளவே உள்ள ஒருவகைச் சிறுநரி வாழ்கின்றது. 2000ஆம் ஆண்டளவில் சான் மிகேல், சாந்தா ரோசா என்னும் இரு தீவுகளிலும் தீவுக்குப் பதினைந்து நரிகளே எஞ்சின. காரணம் யாது? வானொலிப் பட்டை அணிந்த நரிகள் இறந்து கிடந்த இடங்களைச் சென்று ஆராய்ந்தபோது, புதிதாய் அங்குக் குடியேறிய பொன்னிறக் கழுகுகளே அவற்றைக் கொன்றன என்பது புலனாயிற்று. கழுகுகளைப் பிடித்து அப்புறப்படுத்தினர்; நரிகளைக் காப்பிடத்தில் வளர்த்துக் குறியிட்டுக் காட்டில் விட்டனர். 2016ஆம் ஆண்டில் அவ்விரு தீவுகளின் நரிகளும் அழிவுக்குள்ளாகும் உயிர்களின் பட்டியலினின்றும் நீக்கப்பெற்றன. குறி இன்றேல் காரணம் தெரிந்திராது. காரணம் தெரியாதேல் அவ்வினமே மறைந்திருக்கும்.

இதனை மறுப்போரும் உளர். காட்டுயிரின் உடலில் மனிதன் தன் முத்திரையைப் பதித்தல் முறையோ என்று அவர் வினவுவர். அவ்வினா இரக்கத்தில் பிறந்தது; ஆதலின் இகழத்தக்கதன்று. தேவையின்றி ஒரு விலங்கைத் தேடிப் பிடித்துக் குறியிடுதல் தவறே. ஆனால், ஊருக்குள் வந்த முதலையோ ஏற்கெனவே பிடிபட்டு, வாய் கட்டப்பெற்று, வண்டியில் ஏற்றப்பெறுகின்றது. அந்நிலையில் பயின்றவர் கையால் செலுத்தும் ஓர் ஊசி அதற்குப் பெருந்துன்பம் ஆகாது. குறியின்றி விடப்பெற்று, மீண்டும் ஊருக்குள் வந்து, சினங்கொண்ட கூட்டத்தின் கையில் அடிபடுதலே பெருந்துன்பம். செலவு மிகும் என்பாரும் உளர். ஒரு சில்லின் விலை சில நூறு ரூபாய்க்குள் அடங்கும். ஒரு மனித உயிரின் விலையை யார் கணிக்க வல்லார்?

ஆயினும், குறியொன்றே மக்களைக் காத்துவிடும் என்று கூறுதல் மிகையாகும். எண் தாங்கிய முதலையும் கடிக்கும். ஆதலின் குறியிடுதலோடு காவலும் வேண்டும். இலங்கையின் மாத்தறைப் பகுதியில் ஓடும் நில்வளா கங்கையில், மக்கள் குளிக்கும் துறைகளைச் சுற்றி நீருக்குள் வேலியடைத்து முதலை புகாவண்ணம் தடுத்துள்ளனர். அத்தகைய துறைகள் பழைய கொள்ளிடக் கரையூர்களுக்கும் ஏற்றனவே. வீட்டுக்கு வீடு குழாய்நீரும் கழிப்பறையும் அமைந்தால், விடியற்காலையிலும் அந்திப்பொழுதிலும் மக்கள் ஆற்றங்கரையை நாட வேண்டிய தேவையும் குறையும்.

செய்ய வேண்டுவன இவை: பிடிபடும் ஒவ்வொரு முதலைக்கும் ஓர் எண் வழங்குக. பிடித்த இடம், நாள், நீளம், ஆணோ பெண்ணோ என்பது, விட்ட இடம் ஆகியவற்றை ஓர் ஏட்டில் பதிக. சிலவற்றுக்கேனும் செயற்கைக்கோள் கருவியைப் பொருத்தி, வக்காரமாரியில் விட்டவை அங்கேயே தங்குகின்றனவா என்று காண்க. அவ்வேட்டைக் கரையூர் மக்களும் அறியத் தருக. தம் ஊர்க்குளத்தில் பிடிபட்டது புதியதா பழையதா என்று அறியும் உரிமை, அச்சத்தோடு அன்றாடம் நீரில் இறங்கும் அவர்க்கே முதலில் உரியது.

மாணவர்களே! உழவர் தம் மாடுகளுக்குச் சூட்டுக்குறியிட்ட காலம் ஒன்றிருந்தது. இன்று அவற்றின் காதில் பன்னிரண்டு இலக்கம் கொண்ட வில்லை தொங்குகின்றது. அக்குறிகள் உடைமையை உணர்த்துவன. முதலைக்கு இடும் குறியோ உடைமைக்குரியது அன்று, பொறுப்புக்குரியது. ஓர் உயிரை அதன் இடத்தினின்றும் பெயர்த்து வேறிடத்தில் விடுவோமாயின், அதன்பின் அது என்ன ஆயிற்று என்று கேட்கும் கடமையும் நம்மைச் சேர்ந்ததே. அக்கடமையை மறவாதவரே ஆற்றோடும் ஆற்றில் வாழும் உயிரோடும் கூடி வாழும் நெறியை அறிந்தவர் ஆவர்.