இமைக்க இயலாதவர்க்கும் கணக்கு உண்டு

“முகத்தைக் காட்டுங்கள், கண்களை இமையுங்கள்.” வீட்டிலிருந்தே வங்கிக் கணக்கு தொடங்குவோரிடம் கைப்பேசிச் செயலி கேட்பது இவ்வளவே. நம்மில் பலர் நொடியில் முடித்துவிடும் இச்சோதனை, அமில வீச்சினால் இமைக்கும் ஆற்றலை இழந்தவர்க்கு அடைத்த கதவாகிறது. கேமராவை நேர்நோக்க இயலாத பார்வையற்றோர்க்கும் அவ்வாறே.

அமில வீச்சுக்கு ஆளானோர் தொடுத்த வழக்கில், 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் இக்கதவைத் திறந்தது. மின்னணுச் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதியே என்று கூறி, 20 கட்டளைகளைப் பிறப்பித்தது. இமைத்தலுக்கு மாற்று வழி, கைரேகையை ஏற்றல், நிராகரிக்கப்பட்ட விண்ணப்பத்தை அலுவலர் ஒருவர் மீண்டும் ஆராய்தல் ஆகியவை அவற்றுள் அடங்கும். தகவல் தொழில்நுட்பம் அனைவர்க்கும் எட்டுவதாக அமைய வேண்டும் என்னும் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே இதற்கு அடித்தளம்.

சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் வாழும் நமக்கு இது தொலைவிலுள்ள செய்தியன்று. ஆந்திர அரசு 2024இல் மாற்றுத்திறனாளிகளின் மாத ஓய்வூதியத்தை 3,000 ரூபாயிலிருந்து 6,000 ரூபாயாக உயர்த்தியது. அத்தொகையைச் சேமிக்கத் தம் பெயரில் ஒரு கணக்கு இல்லையெனில், பணம் உறவினர் கணக்கில் தங்கும். அதைச் செலவிடும் முடிவும் அவர்களிடமே தங்கிவிடும்.

சோதனையைத் தளர்த்தினால் ஆள்மாறாட்டம் பெருகாதா என்று சிலர் ஐயுறலாம். சோதனையை நீக்குமாறு எவரும் கோரவில்லை. ஒரே வழியை எல்லார்மீதும் சுமத்த வேண்டா என்பதே கோரிக்கை. நேரில் வருபவரை அலுவலர் ஆவணங்களோடு ஒப்பிட்டு உறுதிசெய்வதும் சோதனையே. தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் இவ்வட்டாரத்தில், செயலியின் குரல்வழிகாட்டலும் இரு மொழிகளிலும் ஒலித்தல் வேண்டும்.

காசோலைப் புத்தகம், ஏ.டி.எம். அட்டை, பெட்டகம், இணையவழிச் சேவை ஆகியவற்றைப் பார்வைக் குறைபாட்டைக் காட்டி மறுக்கலாகாது என்று ரிசர்வ் வங்கி 2008இலேயே அறிவுறுத்தியுள்ளது. மறுக்கப்பட்டால் எழுத்துவழிப் புகார் அளிப்போம். 30 நாள்களில் தீர்வு கிட்டாவிடில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை நாடுவோம். முகப்பில் ஒருவர்க்குச் சற்றுக் கூடுதல் நேரம் ஆகுமாயின், வரிசையில் நிற்கும் நாம் பொறுத்திருப்போம். அவர் பெறுவது சலுகையன்று, உரிமை.